“ஏன் பொறுத்துக்கொண்டாய்?” என்று கேட்பதற்கு முன்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில், மகளிருக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தின் ஆலோசகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



குடும்ப வன்முறை பற்றி நம்மிடையே நிலவும் நம்பிக்கைகளை எங்களைப் போன்ற பணியாளர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறோம், எப்படி எதிர்கொள்கிறோம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாடத்திட்டம், கற்றல் விளைவுகள், மதிப்பீடு என்று போய்க்கொண்டிருக்கும் பயிற்சியில் இந்தத் தலைப்பு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான அளவு 29.3 விழுக்காடு. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான இந்தியப் பெண்களில் 100க்கு 77 பேர் யாரிடமும் உதவி கேட்டதில்லை. யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை. உதவி தேடிப் போனவர்கள் 14 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்குத்தான். காவல் நிலையத்துக்கும் எங்கள் மையங்களுக்கும் வருகிறவர்கள் மிகச் சிலர்.

அந்த 77 பேரை நாங்கள் பார்க்கப்போவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளை நீங்கள் தினமும் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வரும்போதும் அந்தத் தாயைப் பார்க்கிறீர்கள். “வீட்டுல கொஞ்சம் பிரச்சினை, டீச்சர்” என்று அவர் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உங்கள் வாயிலிருந்து வரும் முதல் பதிலைப் பொறுத்துத்தான் அவர் அடுத்த வாசலைத் தட்டுவதும் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போவதும் இருக்கிறது. அந்தப் பதிலில் நம் எல்லோருக்குள்ளும் ஊறிக் கிடக்கும் நம்பிக்கைகள் கலந்திருக்கும். அதனால்தான் இந்தப் பேச்சு.

நம்பிக்கைகள் செய்யும் வேலை

இந்த நம்பிக்கைகள் அடிப்பவர்களிடம் மட்டும்தான் இருக்கின்றன என்று நினைத்துவிடக் கூடாது. கணவர் மனைவியை அடிப்பதற்கு நியாயம் இருக்கிறதா என்று அதே ஆய்வில் ஆண், பெண் இருபாலரிடமும் கேட்டார்கள். கணவரிடம் சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காமல் விடுவது, எதிர்த்துப் பேசுவது, தாம்பத்திய உறவுக்கு மறுப்பது, சரியாகச் சமைக்காதது, நடத்தையில் சந்தேகம், மாமனார் மாமியாரை மதிக்காதது என்று ஏழு காரணங்களை அடுக்கினார்கள். இவற்றில் ஒன்றுக்காவது அடிப்பது சரிதான் என்று சொன்ன பெண்கள் 45 விழுக்காடு, ஆண்கள் 44 விழுக்காடு. கிட்டத்தட்ட சமம்.

எங்களிடம் வரும் பெண்களில் பலர் முதலில் சொல்வது, “என் மேலயும் தப்பு இருக்கு, மேடம்” என்பதுதான். புதிதாகப் பணிக்கு வரும் ஆலோசகர் உடனே, “இல்லம்மா, நீங்க நினைக்கிறது தப்பு” என்று மறுக்கப் பார்ப்பார். மூத்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. அந்த நம்பிக்கை அந்தப் பெண்ணுக்கு எதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். ‘நான் நேரத்துக்குச் சமைத்தால், எதிர்த்துப் பேசாமல் இருந்தால், அடி நின்றுவிடும்’ என்று அவர் நம்புகிறார். அது ஒரு பிடிமானம். தன் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தை அது தருகிறது. அதை வெடுக்கென்று பிடுங்கினால் அவர் எங்களைப் பிடித்துக்கொள்ள மாட்டார், எழுந்து போய்விடுவார்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் இந்த நம்பிக்கை உதவுகிறது. ‘அவள் வாய் சும்மா இருக்காது, அதனால்தான் அடி வாங்குகிறாள்’ என்று சொல்லிக்கொண்டால், தலையிட வேண்டிய பொறுப்பு நீங்கிவிடுகிறது. ‘என் மகள் அப்படியில்லை, அவளுக்கு இது நடக்காது’ என்ற ஆறுதலும் கிடைக்கிறது.

ஆளுக்கு ஆள் பயன் வேறுபட்டாலும் எல்லா நம்பிக்கைகளும் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அடித்தவரை விட்டுவிட்டு அடிபட்டவரை விசாரிக்கின்றன. பொறுப்பு இடம் மாறிப்போகிறது. அதை உரியவரிடம் திருப்பி வைப்பதுதான் எங்கள் பணி. அதற்குப் பிரசங்கம் உதவாது. சரியான கேள்விதான் உதவும். நாங்கள் அடிக்கடி சந்திக்கும் சில நம்பிக்கைகளையும், அவற்றின் முன் வைக்கும் கேள்விகளையும் சொல்கிறேன். இதில் வரும் உரையாடல்கள் எந்த ஒருவருடையவும் இல்லை. பலரிடம் கேட்டவற்றை அடையாளம் தெரியாதபடி சேர்த்துச் சொல்கிறேன்.

“குடிதான் காரணம்”

நம் மாநிலத்தில் அதிகம் கேட்பது இதுதான். “குடிக்கலேன்னா தங்கமான மனுஷன், மேடம்.” இதில் உண்மை கொஞ்சமும் இல்லை என்று நாங்கள் சொல்வதில்லை. ஆய்வின் கணக்கே இருக்கிறது: அடிக்கடி போதையில் இருக்கும் கணவர்களின் மனைவியரில் 70 விழுக்காட்டினர் கணவரின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறார்கள். குடி ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. அதே கணக்கின் அடுத்த பாதியை யாரும் சொல்வதில்லை. குடிப்பழக்கமே இல்லாத கணவர்களின் மனைவியரிலும் 23 விழுக்காட்டினர் இதே வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள்.

இந்த எண்களை அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பயனில்லை. ஒரு கேள்வி கேட்போம்.

“குடிச்சிட்டு வர்ற வழியில யாரையாவது அடிப்பாராம்மா? கடைக்காரரை, பஸ் கண்டக்டரை?”

“இல்ல மேடம்.”

“அவங்க முதலாளி முன்னாடி?”

“அங்க கை கட்டி நிப்பாரு.”

“அப்ப வீட்டுக்கு வந்த பிறகுதான்...”

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று போதையிலும் அந்த மனிதருக்குத் தெரிகிறது என்பதை அவரே கண்டுகொள்வார். குடி நோய்க்கு மருத்துவம் வேண்டும், அதற்கு வழிகாட்டுவோம். அடிப்பதற்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. குடியை நிறுத்திய பிறகும் அடி தொடரும் வீடுகளை நாங்கள் பார்க்கிறோம். குடியை மட்டும் காரணமாக நினைத்திருந்த பெண்ணுக்கு அப்போது ஏற்படும் ஏமாற்றம் மிகக் கொடியது.

“அடிச்சாத்தானே வன்முறை?”

“அவர் கை நீட்டினதே இல்லை” என்று பெருமையாகச் சொல்லும் பெண்ணின் கையில் பத்து ரூபாய் இருக்காது. வேலைக் கூலி வந்தாலும், மகளிர் உரிமைத் தொகை வந்தாலும் ஏடிஎம் அட்டை கணவரின் சட்டைப் பையில் இருக்கும். தொலைபேசியில் யாரிடம் பேசினாள் என்று தினமும் சோதனை நடக்கும். அம்மா வீட்டுக்குப் போகத் தடை. பிள்ளைகள் எதிரில் ‘அறிவு கெட்டவள்’ என்ற பட்டம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 26 அக்டோபர் 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்துதல், பொருளாதார வன்முறை ஆகிய நான்கையும் அது குடும்ப வன்முறை என்கிறது. மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை அது. ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, விதவை மருமகள் என்று பலரும் அதன்கீழ் வருவார்கள்.

இங்கே நாங்கள் கேட்பது எளிய கேள்வி: “அவர் வீட்டுக்கு வர்ற சத்தம் கேட்டதும் உங்களுக்கு என்னம்மா தோணும்?” பயம் என்று பதில் வந்தால், அடி விழுந்ததா என்பதைத் தாண்டிப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

“ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை?” என்பவர்களிடமும் இதே கேள்விதான். சண்டை இல்லாத வீடு கிடையாது. சண்டையில் இருவரும் கத்துவார்கள், இருவரும் சமாதானமாவார்கள், யாரும் யாருக்கும் நடுங்க மாட்டார்கள். ஒருவரே எப்போதும் அஞ்சி, ஒருவரே எப்போதும் மன்னிப்புக் கேட்டு, ஒருவரே தன் உடையையும் பேச்சையும் போக்குவரவையும் சுருக்கிக்கொண்டே போனால் அது சண்டை என்ற கணக்கில் வராது. தட்டுவது ஒரு கைதான். இன்னொன்று முகத்தை மறைத்துக்கொள்ளும் கை.

“படிக்காத வீடுகளில்தான் இதெல்லாம்”

பெண்களின் படிப்பு கூடக் கூட வன்முறை குறைகிறது. உங்கள் உழைப்புக்கு இது ஒரு நற்சான்று. ஆனால் எந்தப் படிப்பிலும் அது இல்லாமல் போவதில்லை. எங்கள் மையத்துக்குப் பட்டதாரிகள் வருகிறார்கள். அரசு ஊழியர்கள் வருகிறார்கள். வெளியே சொன்னால் மரியாதை போய்விடும் என்ற கூச்சம் அவர்களுக்குத்தான் அதிகம். சம்பளம் வாங்குவதாலேயே பணம் கையில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சம்பளக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் தெரிந்துவிடும். இந்த அரங்கில் இவ்வளவு பேர் இருக்கிறீர்கள். நான் சொல்வதைத் தன் மாணவியின் தாய்க்காக மட்டும் கேட்காதவர்களும் சிலர் இருக்கலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

“அவ்வளவு கஷ்டம்னா விட்டுட்டு வரவேண்டியதுதானே?”

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணின் காதில் விழும்போது அது குற்றச்சாட்டாகிவிடுகிறது. முதலில் ‘ஏன் அடி வாங்கினாய்’ என்று கேட்டோம். இப்போது ‘ஏன் பொறுத்துக்கொண்டாய்’ என்கிறோம். விசாரணைக் கூண்டில் நிற்பது அவரே.

நாங்கள் கேள்வியைத் திருப்பிப் போடுகிறோம். “நீங்க வெளியே வர முடியாம எது எது தடுக்குது?” அப்போது பட்டியல் வரும். போக இடமில்லை. கையில் காசில்லை. ஆதார் அட்டை, நகை, சான்றிதழ் எல்லாம் மாமியார் பீரோவில். அப்பா இறந்துவிட்டார், அண்ணி வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? தங்கைக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. ‘போனா கொன்னுடுவேன்’ என்று மிரட்டியிருக்கிறார்.

கடைசியில் சொன்னதை நாங்கள் மிகவும் கவனமாகக் கேட்போம். பிரிந்து போகிற நேரத்திலும், போன புதிதிலும் வன்முறை கூடும் ஆபத்து உண்டு. அந்தப் பெண் இத்தனை நாள் இருந்தது அறியாமையால் என்று நினைக்க வேண்டாம். எப்போது போனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அதனால் ‘உடனே கிளம்பி வாங்க’ என்று நாங்கள் சொல்வதில்லை. ‘திரும்பிப் போங்க, அனுசரிச்சுப் போங்க’ என்றும் சொல்வதில்லை. முடிவு அவருடையது. பாதுகாப்பாக முடிவெடுக்க என்னென்ன வேண்டும் என்று சேர்ந்து திட்டம் போடுவோம். ஒரு தடவை வெளியே வந்து மறுபடி திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அடுத்த முறை அவர் வரும்போது ‘அப்பவே சொன்னேனே’ என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்ற உறுதி அவருக்கு இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் உங்கள் பள்ளியும் வருகிறது. “நடு வருஷத்துல பிள்ளைங்க படிப்பு என்ன ஆகும், டிசி தர மாட்டாங்களே” என்று சொல்லித் தள்ளிப்போடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தலைமை ஆசிரியர் உடனே வழங்க வேண்டும். அது வரத் தாமதமாகிறது என்பதற்காகப் புதிய பள்ளியில் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் தாய்க்கு இந்த ஒரு தகவலே பெரிய கதவைத் திறந்துவிடும். அப்படி ஒரு குழந்தை உங்கள் பள்ளியிலிருந்து போயிருந்தால், எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்டு வருகிறவரிடம் வாசலில் நின்றே சொல்லிவிடாதீர்கள். தலைமை ஆசிரியர் வழியாகப் பாதுகாப்பு அலுவலரிடம் கலந்து பேசிய பிறகு பதில் சொல்லலாம்.

“அது அவங்க வீட்டு விஷயம்”

நாலு சுவருக்குள் நடப்பதில் நாம் தலையிடலாமா என்ற தயக்கம் நல்லவர்களுக்குத்தான் அதிகம். சட்டம் இந்தத் தயக்கத்தை எப்போதோ கடந்துவிட்டது. கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமையை 1983இலேயே இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு குற்றமாக்கியது. 1 ஜூலை 2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள் அந்த இடத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992இல் தொடங்கின.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவை ஆசிரியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்ப வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வராது என்று அதே பிரிவு சொல்கிறது.

தகவல் வந்த பிறகு நடப்பது இதுதான். பாதுகாப்பு அலுவலர் அந்தப் பெண்ணிடம் பேசி, குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை தயாரித்து நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். நீதிமன்றம் மனுவை வழக்கமாக மூன்று நாட்களுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற குடியிருப்பு ஆணை, செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆணை எல்லாம் கேட்கலாம். வீடு கணவர் பெயரில் இல்லையே என்று பலர் பயப்படுவார்கள். வாழ்ந்த வீட்டில் வாழும் உரிமைக்கு அது தடையில்லை. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தக்கூடும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால் அது படிக்கும் பள்ளிக்குள் எதிர்த்தரப்பினர் நுழையக் கூடாது என்றும் நீதிமன்றம் தடை விதிக்க முடியும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

“பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது”

இனி உங்கள் வகுப்பறைக்கு வருகிறேன். “பிள்ளைங்க தூங்கின பிறகுதான் மேடம்” என்பார்கள். அவர்கள் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முதல் பாடவேளையில் தூங்கி விழுவது அதனால்தான்.

வீட்டில் வன்முறையைப் பார்க்கும் குழந்தையை ஓர் அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட முடியாது. ஒருவன் முரடனாகிறான், ஒருத்தி வாயே திறப்பதில்லை. ஒரு பெண் வகுப்பிலேயே மிக ஒழுங்கானவளாக, யார் குரல் உயர்ந்தாலும் ஓடிப்போய்ச் சமாதானம் செய்கிறவளாக இருக்கிறாள். ஒரு பையன் மணி அடித்த பிறகும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன் என்கிறான். இன்னொருவன் அம்மாவைத் தனியே விட்டுவர மனமில்லாமல் அடிக்கடி விடுப்பு எடுக்கிறான். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். திடீர் மாற்றமும், அது தொடர்வதும்தான் நாம் கவனிக்க வேண்டியவை.

‘பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்’ என்ற அறிவுரையை இந்தக் குழந்தைகளைப் பார்த்த பிறகு யாரும் எளிதில் சொல்ல மாட்டார்கள். ‘அப்பனைப் போலத்தான் பிள்ளையும் வருவான்’ என்ற தீர்ப்பும் வேண்டாம். அது இன்னொரு தவறான நம்பிக்கை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்து, தன் மனைவியிடம் குரல்கூட உயர்த்தாத ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பயமில்லாமல் பேசக்கூடிய ஒரு பெரியவர் பிள்ளைப் பருவத்தில் கிடைப்பது அதற்குப் பெரிதும் உதவுகிறது. அந்தப் பெரியவர் ஆசிரியராகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு பழமொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று எங்கள் மையத்தில் மனைவியும் சொல்கிறார், மாமியாரும் சொல்கிறார். எங்கே கேட்டீர்கள் என்றால் வீட்டையும் பள்ளியையும் சேர்த்தே சொல்கிறார்கள். பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அதை விதியாக மட்டும் பார்க்காமல் ஒரு பாடமாகப் பாருங்கள். அடிக்காமலும் ஒருவரைத் திருத்தலாம், அடிக்காமலும் ஒருவர் நம்மீது அக்கறை காட்டலாம் என்பதைச் சில குழந்தைகள் முதன்முதலாகக் காணும் இடம் உங்கள் வகுப்பறைதான்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

உங்களை ஆலோசகர் ஆகச் சொல்லவில்லை. சில சின்ன விஷயங்கள் போதும்.

குழந்தை ஏதாவது சொன்னால் கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். ‘நீ சொன்னது நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்லை’ என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கும் அம்மாவுக்கும் உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்’ என்று உண்மையைச் சொல்லுங்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, தேதியோடு எழுதி வைத்துத் தலைமை ஆசிரியரிடம் தெரிவியுங்கள். குழந்தைக்குப் பாலியல் துன்பம் நேர்ந்திருப்பதாகத் தெரிந்தால் விருப்பம், தயக்கம் என்ற பேச்சே இல்லை. போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம்.

தாயிடம் பேசுவதானால் தனியாக, அவசரமில்லாமல் பேசுங்கள். கூட்டத்தின் நடுவிலோ மாமியாரோடு வந்திருக்கும்போதோ வேண்டாம். அவருடைய தொலைபேசிக்கு இதைப் பற்றிச் செய்தி அனுப்ப வேண்டாம்; வேறு யார் படிப்பார்கள் என்று தெரியாது. தந்தையைக் கூப்பிட்டு ‘ஏன் அடிக்கிறீர்கள்’ என்று கேட்கும் எண்ணம் வரும். நியாயமான கோபம்தான், ஆனால் ‘பள்ளிக்கூடம் வரைக்கும் சொல்லிட்டியா’ என்று அன்றிரவு அந்தத் தாய் அதற்கு விலை கொடுக்க நேரலாம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பஞ்சாயத்துப் பேசுவதும் வேண்டாம்.

தாய் சொல்லத் தொடங்கினால், ‘நீங்க சொல்றதை நம்புறேன்’ என்று சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் இதைவிட வலுவான வாக்கியம் இல்லை. அதன்பின் உதவி எண்களைத் தெரியப்படுத்துங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100, உயிருக்கு ஆபத்து என்றால் 112. பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் கட்டணமில்லாமல் வழக்கறிஞரைப் பெறலாம். 2015 முதல் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத் திட்டத்தில் மருத்துவம், காவல், சட்டம், மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றுக்கு ஒரே இடத்தில் வழி செய்யப்படுகிறது. இந்த எண்களைப் பள்ளியின் பொது அறிவிப்புப் பலகையில், எல்லா அறிவிப்புகளோடும் சேர்த்து ஒட்டி வையுங்கள். அதைத் தனியாக நின்று படிப்பதை யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அப்போது இருக்காது.

மாணவர்களோடு பேசவும் உங்களிடம் வாய்ப்புகள் இருக்கின்றன. ஒரு கதைப் பாடத்தில் கணவர் மனைவியை அறைகிற இடம் வந்தால் தாண்டிப் போய்விடாதீர்கள். பார்த்த ஒரு படத்தைப் பற்றிப் பிள்ளைகள் பேசும்போதும் அப்படித்தான். ‘அவள் என்ன செய்தாள்?’ என்று வகுப்பு கேட்கத் தொடங்கினால், ‘அவன் வேறு என்ன செய்திருக்கலாம்?’ என்று நீங்கள் கேளுங்கள். உபதேசம் வேண்டாம், அந்த ஒரு கேள்வி போதும். பையன்கள் எவ்வளவு நல்ல பதில்களை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வியப்பீர்கள்.

நம்பிக்கைகள் ஒரு நாளில் மாறுவதில்லை. எங்களிடம் மூன்றாவது முறை வரும் பெண், முதல் முறை நாங்கள் கேட்ட கேள்வியை நினைவு வைத்துக்கொண்டு வருகிறார். ‘எது தடுக்குதுன்னு கேட்டீங்களே மேடம், யோசிச்சேன்’ என்று அவர் பேச்சைத் தொடங்கும்போது, அன்று விதைத்தது முளைத்திருப்பது தெரிகிறது. விதைத்துவிட்டுக் காத்திருக்கும் வேலை உங்களுக்குப் புதியதில்லை. இனி ஒரு தாய் உங்கள் முன் தயங்கி நின்றால், ‘ஏன் பொறுத்துக்கொண்டாய்’ என்று நாக்கு நுனி வரை வரும் கேள்வியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, ‘உங்களுக்கு என்ன உதவி வேணும்மா?’ என்று கேட்டுப் பாருங்கள். மற்றதை அவர் சொல்வார்.